மணிக்கூண்டின் வயிற்றுக்குள்ளே

"அத்தை, சுத்துது! சுத்துது!"

தம்பி மகள் என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள். இழுக்க வேண்டிய அவசியமே இல்லை, நானும் அதைத்தான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் 9 டன் எடையுள்ள ஓர் உலோக உருளை, ஆனை திரும்புகிற நிதானத்தில் அசைந்து கொடுத்தது. உருளையின் உடம்பு முழுக்கச் சின்னச் சின்னச் சதுரக் குழிகள். ஒன்றிரண்டு அல்ல, 30,500! ஒரு ராட்சசன் தன் பல்லாங்குழிப் பலகையைப் பாய் மாதிரி சுருட்டி நிறுத்தி வைத்ததுபோல இருந்தது. சோழி போட வேண்டிய இடத்தில் இரும்பு முளைகள். உருளை நகர, ஒரு முளை ஒரு நெம்புகோலைத் தொட்டுத் தூக்கியது. நெம்புகோல் ஒரு கம்பியை இழுத்தது. கம்பி கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே போயிற்று. மேலே எங்கேயோ, கண்ணுக்குத் தெரியாத உயரத்தில், ஒரு சுத்தியல் விழுந்து...

டங்ங்ங்.

அடுத்த முளை, அடுத்த கம்பி, அடுத்த மணி. கால் மணி நேரத்துக்கான மெட்டு தொடங்கிவிட்டது. கீழே சதுக்கத்தில் நிற்பவர்களுக்கு அது வானத்திலிருந்து இறங்குகிற பாட்டு. எங்களுக்கோ, பாட்டு பிறக்கிற அடுப்படியிலேயே நிற்கிற கொண்டாட்டம்.

பெல்ஜியத்தில் புரூஜ் என்கிற ஊர். ஊரின் நடு முற்றமான மார்க்ட் சதுக்கத்தின் ஓரத்தில் 83 மீட்டர் உயரத்துக்கு நிற்கிறது இந்த மணிக்கூண்டு. உள்ளூர்க்காரர்கள் பெல்ஃபோர்ட் என்கிறார்கள். பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். தம்பி குடும்பத்தைப் பார்க்கப் போனபோது, "என்ன பாக்கணும் அக்கா?" என்று அவன் கேட்டான். எனக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை. சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயில் கண்டாமணியின் கயிற்றைத் தொட்டுவிட வேண்டும் என்று தவித்தவள் நான். 47 மணிகள் ஒரே கோபுரத்தில் தொங்குகின்றன, படியேறிப் போய்ப் பார்க்கலாம் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா?

மொத்தம் 366 படிகள். லிஃப்ட் கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு படி என்று வைத்தாலும் லீப் வருஷத்துக்குத்தான் கணக்குச் சரியாக வரும் என்று குட்டி கண்டுபிடித்துச் சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயது, வயலின் கற்றுக்கொள்கிறாள். அந்த வயலின் பின்னால் ஓர் இடத்தில் எங்களுக்குப் பெரிய உதவி செய்தது.

ஏறத் தொடங்கினால் கொஞ்ச தூரத்திலேயே ஓர் அறை. பலரும் அங்கே மூச்சு வாங்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து நகராதீர்கள்! கோபுரம் ஏன் கட்டப்பட்டது என்கிற ரகசியம் அந்த அறையில்தான் இருக்கிறது. கனத்த இரும்புக் கிராதிக் கதவுகள், 1300ஆம் ஆண்டை ஒட்டி அடித்தவை. கொல்லன் கை வளைத்த சுருள்கள் கொடிபோல ஒன்றன்மேல் ஒன்று படர்ந்திருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் ஊரின் பட்டயங்கள் பூட்டி வைக்கப்பட்டிருந்தன. பொன்னோ வைரமோ அல்ல, தோலில் எழுதிய எழுத்து. இந்த ஊர் தன்னைத் தானே ஆளலாம், தன் சந்தையைத் தானே நடத்தலாம், தன் வழக்குகளைத் தானே தீர்க்கலாம் என்று கோமகன்கள் எழுதிக்கொடுத்த உரிமைகள். துணி வியாபாரத்தில் கொழித்த ஊருக்கு அந்தத் தோல் சுருள்கள்தாம் உயிர். பெட்டிக்குப் பல பூட்டுகள் போட்டு, சாவிகளைப் பல கைகளில் பிரித்துக் கொடுத்திருந்தார்களாம். எல்லோரும் கூடினால்தான் பெட்டி திறக்கும். யோசித்துப் பாருங்கள், எவ்வளவு அழகான ஏற்பாடு!

இத்தனை பாதுகாப்புக்குக் காரணமும் உண்டு. 1280இல் பிடித்த தீயில் அப்போதிருந்த கோபுரம் எரிந்தது. உள்ளே இருந்த நகர ஆவணங்களும் சாம்பலாயின. சூடுபட்ட ஊர் அதன் பிறகுதான் இரும்புக் கதவை நாடியது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மணி என்றால் நமக்குக் கோயிலோ தேவாலயமோ நினைவுக்கு வரும். இது எந்தச் சாமிக்கும் கட்டியதல்ல, ஊர் தனக்காகக் கட்டிக்கொண்டது. வேலை தொடங்க ஒரு மணி, வேலை முடிய ஒரு மணி, கோட்டைக் கதவு சாத்த ஒரு மணி, தீ என்றால் ஒரு மணி, ஊர் கூடி அறிவிப்பைக் கேட்க ஒரு மணி. கைக்கடிகாரமும் செய்தித்தாளும் தீயணைப்பு வண்டியும் இல்லாத காலத்தில் அவை அனைத்தும் இந்தக் கோபுரத்தின் தொண்டையில் இருந்தன. ஊரில் பிறந்த குழந்தை எந்த மணி எதற்கு என்பதைத் தாய்மொழியோடு சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்கும்.

சரி, மேலே போவோம்.

படிக்கட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் அதே சுழல் படிதான். மேலிருந்து ஒருவர் வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டும். முதுகுப் பையைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். "சாரி", "பார்தோன்", "டாங்க் யூ" என்று நாலைந்து மொழிகள் அந்த இருட்டுக்குள் உரசிக்கொண்டு போகின்றன. பிடித்துக்கொள்ளக் கயிறு. ஆயிரம் ஆயிரம் கைகள் பிடித்துப் பிடித்து வழவழப்பாகிப்போன கயிறு. ஏற ஏறப் படி குறுகுகிறது. கல்லுக்குப் பதில் மரம் வருகிறது. கடைசிச் சுற்றுகளில் என் இரண்டு தோளும் ஒரே சமயத்தில் சுவரைத் தொட்டன. கோபுரம் என்னை மென்று விழுங்குகிறது என்று தோன்றியது, அவ்வளவு சந்தோஷமாக நான் எதனிடமும் விழுங்கப்பட்டதில்லை!

நடுவில் ஒரு நிமிஷம் நின்று சொல்கிறேன்: இந்தக் கோபுரம் நேராக நிற்கவில்லை. கிழக்குப் பக்கமாக 87 சென்டிமீட்டர் சாய்ந்திருக்கிறது. ஏறும்போது தெரியாது. தெரிந்துகொண்டு ஏறினால் ஒவ்வொரு திருப்பத்திலும் கால் தானாக அதைத் தேடுகிறது.

மேல் பகுதி எட்டுப் பட்டையாக மாறுகிறது. அது 1480களில் கட்டிச் சேர்த்தது. அதன் தலையில் மரத்தாலான ஊசிக் கூம்பு ஒன்றும் இருந்தது. 1493இல் இடி விழுந்து எரிந்தது. மறுபடி கட்டினார்கள். 1741இல் அதுவும் எரிந்தது. அதற்குப் பிறகு கூம்பு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இன்று உச்சியில் கிரீடம்போலத் தெரிகிற கல் வேலைப்பாடு 1822இல் வைத்தது. மூன்று தடவை தீயில் வெந்த கோபுரம்! ஆனால் அந்த 1741 தீ இல்லையென்றால் நான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் மணிகளே இல்லை. எரிந்ததற்கு மாற்றாக யோரிஸ் துமேரி என்கிற வார்ப்புக் கலைஞர் 1742 முதல் 1748 வரை புதிதாக மணிகள் வார்த்தார். அவருடைய கையால் வந்தவை 26 இன்னமும் தொங்குகின்றன, இன்னமும் பாடுகின்றன. மீதி 21 மணிகளை 2010இல் நெதர்லாந்தின் ஐஸ்பவுட்ஸ் பட்டறை வார்த்துக் கொடுத்தது. பல்லாங்குழி உருளையும் 1748இல் செய்ததுதான், அன்டோன் டி ஹொன்ட் செய்தது. நம் ஊரில் கட்டபொம்மன் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் முளை குத்திய ஓர் இயந்திரம், நான் நின்ற அன்றும் ஒரு ஸ்வரம் பிசகவில்லை.

இப்போது, நான் துள்ளிக் குதித்த இடத்துக்கு வருகிறேன்.

மணிகள் ஆடவில்லை.

ஆமாம்! தேவாலய மணி என்றால் கயிற்றை இழுக்க இழுக்க மணி முன்னும் பின்னும் ஆடும் என்றுதானே நினைப்போம்? இங்கே வரிசை வரிசையாக மணிகள் உத்தரத்தில் இறுக்கி மாட்டப்பட்டு அசையாமல் நிற்கின்றன. அசைவதெல்லாம் சுத்தியலும் நாக்கும்தான். ஒவ்வொரு மணிக்கும் இரண்டு வாழ்க்கை. உருளை சுற்றும்போது வெளியிலிருந்து சுத்தியல் வந்து தட்டுகிறது. மனிதர் வாசிக்கும்போது உள்ளே தொங்கும் நாக்கு இழுபட்டு உள் விளிம்பில் மோதுகிறது. ஒரே தொண்டை, இரண்டு குரல்.

மனிதர் வாசிக்கும்போது என்றேனே, அந்த மனிதரைப் பார்க்க வேண்டுமே! மணிகளுக்கு அடியில் சின்ன அறை. அங்கே ஒரு விசைப்பலகை. ஹார்மோனியக் கட்டை என்று நாம் சொல்கிறோம் இல்லையா, இது நிஜமாகவே கட்டை. உலக்கைப் பிடி மாதிரி உருண்டை மரக் கட்டைகள் இரண்டு வரிசையில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை விரலால் அழுத்துவதில்லை. கையைத் தளர்வாக மூடி, சுண்டுவிரல் பக்கத்தால் குத்துகிறார்கள். காலுக்குக் கீழேயும் கட்டைகள், கனமான மணிகளுக்காக. கைகள் அகல விரிந்து, கால்கள் தேடித் தேடி மிதித்து, வாசிப்பவர் தறியில் உட்கார்ந்து நெய்பவரைப்போல இருக்கிறார். பாவும் ஊடும்தான் இல்லை, அவருடைய தலைக்கு மேலே கம்பிகள் நூல்நூலாக ஏறிப் போகின்றன. துணி விற்றுப் பணம் பார்த்த ஊர், பாட்டையும் தறியில்தான் நெய்துகொள்கிறது!

அந்தக் கம்பிகளைப் பற்றிக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். வெயில் ஏறினால் கம்பி நீளும், குளிர்ந்தால் சுருங்கும். கொஞ்சம் நீண்டாலும் நாக்கு விளிம்புக்குப் போய்ச் சேராது. அதனால் வாசிக்க உட்காருவதற்கு முன் ஒவ்வொரு கம்பியையும் திருகி இழுவை சரிபார்க்க வேண்டும். கச்சேரிக்கு முன் தம்பூராவுக்குப் பிருடை திருகுவதுபோல, ஆனால் 47 தடவை. இதில் ஸ்ருதி மாறாது, அது வெண்கலத்தில் உறைந்துபோனது. மாறுவது தொடுகை. மெல்லக் குத்தினால் மெல்ல ஒலிக்கும், ஓங்கிக் குத்தினால் ஊரே திரும்பும். இயந்திர உருளைக்கு இந்தக் குழைவு தெரியாது. அது எல்லா ஸ்வரத்தையும் ஒரே மாதிரி அடிக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஒலித்த மணியை நிறுத்த முடியாது. பியானோவில் விரலை எடுத்தால் சத்தம் அடங்கும், வீணையில் கை வைத்து அணைக்கலாம். இங்கே தட்டியது தட்டியதுதான், தானாக ஓயும்வரை அது காற்றில் தொங்கும். அதனால் பெரிய மணிகளைச் சிக்கனமாகத் தொடுகிறார்கள். வேகமான இடங்களைச் சின்ன மணிகளிடம் ஒப்படைக்கிறார்கள். இதைப் பழகுவது எப்படி? தப்புத் தப்பாக வாசித்துத்தானே எந்த வாத்தியமும் கைக்கு வரும்? இதில் ஒரு பிசகு என்றால் சந்தையில் காய் வாங்குகிறவருக்கும் கேட்கும். அதற்கென்று தனியாகப் பழகு பலகைகள் வைத்திருக்கிறார்கள். கோபுரத்து மணிகளோடு சம்பந்தமில்லாத, அறைக்குள்ளேயே அடங்கிவிடுகிற பலகைகள். அங்கே உழைத்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறார்கள். இதற்கென்றே மெஹலென் நகரில் 1922இல் தொடங்கிய ஒரு பள்ளிக்கூடம் இன்றும் நடக்கிறது.

இப்போது குட்டியின் வயலின்.

மெட்டு முடிந்த பிறகும் ரீங்காரம் நிற்கவில்லை. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். "அத்தை, ஸ வாசிச்சாங்க. ஆனா கூடவே ஒரு க கேக்குது. ஆனா நம்ம க இல்ல. கீழ இருக்கற க."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மணி வார்ப்பவர்களின் நானூறு வருஷத்துத் தலைவலியை ஒன்பது வயதுக் காது ஒரே நிமிஷத்தில் பிடித்துவிட்டது!

விஷயம் இதுதான். தம்பூராவை மீட்டிக் கண்ணை மூடினால் ஸ-வும் ப-வும் மட்டும் கேட்பதில்லை. யாருமே மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழும்பும். அது தந்தியின் சுபாவம். மணியின் சுபாவம் வேறு. ஒரு மணியைத் தட்டினால் ஷட்ஜம் கேட்கும். ஒரு ஸ்தாயி கீழே ஆழமான ஒரு முனகல் கேட்கும். மேலே பஞ்சமமும் மேல் ஷட்ஜமும் கேட்கும். நடுவில், அந்தர காந்தாரத்துக்குப் பதிலாக, அதற்குச் சற்றுக் கீழே இருக்கும் சாதாரண காந்தாரம். மணி என்கிற வடிவத்தோடு கூடவே பிறந்த ஸ்வரம் அது. அதனால் சங்கராபரணத்தை ஒத்த குதூகலமான மெட்டை வாசித்தாலும், ஒவ்வொரு ஸ்வரத்தின் அடியிலும் ஒரு சாதாரண காந்தாரம் கசிந்துகொண்டே இருக்கிறது. கல்யாண வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது பெண்ணின் அம்மா கண் ஓரமாக ஈரம் தெரியுமே, அந்த மாதிரி. மணிப் பாட்டு என்றாலே ஏன் நெஞ்சை என்னமோ செய்கிறது என்று இத்தனை நாள் நினைத்தேன். பதில் இந்த ஒரு ஸ்வரத்தில் இருக்கிறது. 1985இல் ஐஸ்பவுட்ஸ் பட்டறைக்காரர்கள் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கணினியில் வடிவத்தை மாற்றி மாற்றி, வயிற்றைப் புடைக்க வைத்து, அந்தர காந்தாரம் தரும் மணியைச் செய்தே விட்டார்கள். எனக்கு என்னவோ பழைய கசிவுதான் பிடித்திருக்கிறது.

அந்த உள் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று இசைய வேண்டுமே. அதற்கு வார்த்த மணியைக் கவிழ்த்து வைத்து உட்பக்கத்தைச் சுரண்டுகிறார்கள். எந்த மட்டத்தில் சுரண்டினால் எந்த ஸ்வரம் இறங்கும் என்று தெரிந்து சுரண்ட வேண்டும். மிருதங்கத்துக்குச் சோற்றுக்கரணை ஏற்றி இறக்குகிற மாதிரிதான், ஆனால் இங்கே எடுக்க மட்டும்தான் முடியும், திருப்பி ஒட்ட முடியாது. கூடுதலாக ஒரு இழை போய்விட்டால் மணியை உருக்கி மறுபடி வார்க்க வேண்டியதுதான். இந்த வித்தையைப் பதினேழாம் நூற்றாண்டில் நிலைநிறுத்தியவர்கள் ஹெமொனி சகோதரர்கள். அவர்களுக்குக் காதாக இருந்து உதவியவர் யாகோப் வான் ஐக் என்ற இசைக்கலைஞர். அவருக்குக் கண் தெரியாது. அவர்கள் கூட்டாக உழைத்து ஸ்ருதி சுத்தமான முதல் மணித்தொகுதியை 1644இல் சுட்ஃபன் நகரத்துக்குத் தந்தார்கள்.

அறையின் நிழலில் தொங்குகிற எல்லா மணிகளையும் சேர்த்தால் சுமார் 27 டன். ஏறத்தாழ நான்கு ஸ்தாயி. இந்த 47இல் சேராமல், எல்லாவற்றிலும் பெரியதாக இருப்பது வெற்றி மணி, 1680இல் ஆன்ட்வெர்ப்பின் மெல்கியோர் டி ஹாஸே வார்த்தது. சுமார் 6 டன். சின்ன மணியோ ஒரு பித்தளைச் செம்பு அளவு என்று சொல்லலாம். அந்தச் செம்பு முதல் 47 மணிகளுக்கும் ஒரே கட்டைப் பலகைதான் எஜமான்.

உச்சிக்குப் போனோம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ஓட்டுக் கூரைகள், ஊரை முட்டை வடிவில் வளைத்திருக்கும் கால்வாய், கரையில் பழைய காற்றாலைகள், எங்கள் கோபுரத்தையும் விட உயரமாகச் செங்கல்லால் எழும்பிய மாதா கோயில் கூம்பு. காற்று முகத்தில் அறைந்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குட்டி மட்டும் தரையில் காதை வைத்துப் படுத்திருந்தாள்.

"என்னம்மா பண்றே?"

"ஷ்ஷ்! அடுத்தது வரப்போகுது அத்தை."

வந்தது. கீழே உருளை அசைய, கம்பிகள் இழுபட, சுத்தியல்கள் விழ, கல் முழுக்க ஓர் அதிர்வு ஓடிக் கால் வழியாக ஏறிப் பல்லில் வந்து நின்றது. காதுக்கு முன்னால் எலும்புக்குக் கேட்டது. நானும் குனிந்து உள்ளங்கையைக் கல்மேல் வைத்தேன். நாடி பார்ப்பதுபோல இருந்தது.

இறங்கி வந்து, கோபுரத்தின் காலடியில் நிற்கும் இரண்டு பச்சைக் கடைகளில் ஒன்றில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொண்டோம். சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும் என்று தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான். சதுக்கம் நிறைய ஜனம். குதிரை வண்டி, சைக்கிள், குடைக்கடியில் காபி. ஒரு வறுவலை வாயருகே கொண்டுபோன குட்டி சட்டென்று நிறுத்தினாள். முகவாயை உயர்த்தி மேலே பார்த்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"இப்ப முளை தொட்டிருக்கும்," என்றாள்.

டங்ங்ங்.